ஒரே நலோங்கோ

லுவான்யியில் அரசாங்கத் தகவல் சங்கமத்தைத் திறந்து வைத்த அன்று நலோங்கோ விழாப் பந்தலுக்கு வெளியே வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். கூட்டம் கூடினால் கிழங்கு போகும் என்பதற்கு மேல் அந்த விழாவில் அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. கம்பாலாவிலிருந்து வந்த இயக்குநர் ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே இந்த நாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். இனி ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது நில அலுவலகத்துக்குத் தெரியும், ஒரே குடிமகன், ஒரே பதிவு என்றார். பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அதே மேடையில், தகவல் காப்புச் சட்டத்தையும் தொடங்கி வைத்தார். இனி ஒரு குடிமகனின் தகவலை இன்னொருவன் எட்டிக்கூடப் பார்க்க முடியாது என்றார்.

இரண்டு அறிவிப்புக்கும் கூட்டம் ஒரே மாதிரி கை தட்டியது. நலோங்கோவும் தட்டினாள். தட்டாதவர்களைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள் என்பது அவள் கண்ட அனுபவம்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் நப்போசா. ஆனால் இரட்டைப் பிள்ளை பெற்றவளை அந்தப் பக்கத்தில் யாரும் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அது மரியாதைக் கேடு. பெற்ற அன்றிலிருந்து அவள் நலோங்கோ, அவள் புருஷன் ஸலோங்கோ. பிள்ளைகளுக்கும் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் பெண் என்றால் மூத்தது பபிரியே, இளையது நகாத்தோ. வயிற்றிலிருந்து பெயரோடுதான் இறங்கி வருவார்கள். ஆறு வருஷத்துக்கு முன் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி அட்டை போட்டபோது எழுத்தர் தாயின் பெயர் கேட்டார். ஊரே எழுந்து நின்று கூப்பிடும் பெயர் ஒன்று கிடைத்திருக்கும்போது நப்போசா என்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா? நலோங்கோ என்றாள். எழுத்தரும் மரியாதை தெரிந்தவர், மேற்கொண்டு கேட்காமல் எழுதிக்கொண்டார். மாவட்டத்தில் இரட்டை பெற்ற தாய்மார்கள் பதினொரு பேரும் அப்படியே சொன்னார்கள், எழுத்தர்கள் எல்லோரும் அப்படியே எழுதினார்கள்.

புகைப்படம் எடுத்தார்களே என்று கேட்கலாம். எடுத்தார்கள். ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் அதிகாரியைக் கண்டால் முழங்காலிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள். எழுத்தர் வணக்கத்தை வாங்கிக்கொண்டே பொத்தானை அமுக்குவார். படத்தில் கீழே ஒரு தலைத்துணியின் முடிச்சும், மேலே சுவரும், சுவரில் ஒரு பால் பண்ணை எல்லா ஆஸ்பத்திரிக்கும் கொடுத்த நாட்காட்டியும் விழுந்தன. முகங்களை ஒப்பிடும் இயந்திரம் பதினொரு நலோங்கோக்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, எல்லோருக்கும் ஒரே முகம்தான் என்று அறுதியிட்டுச் சொன்னது. அது பார்த்த முகம் நாட்காட்டியில் இருந்த பசுவின் முகம். விரல் ரேகையோ மண்வெட்டி பிடித்துத் தேய்ந்து எல்லோருக்கும் ஒன்றாகவே வழவழவென்று இருந்தது. ஆக, சங்கமம் நடந்த வாரமே பதினொரு பேரும் ஒருத்தி ஆனார்கள்.

முதலில் வந்தது ஒரு பாராட்டுச் சான்றிதழ். ஒன்பது வருஷத்தில் பதினொரு தடவை இரட்டை பெற்றதற்காக. அதன் பின்னாலேயே குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, மூன்று மணி நேரம் உட்கார்ந்து, போதும் அம்மா, போதும் என்று கெஞ்சினாள். நலோங்கோ தன் இரண்டு பிள்ளைகளைக் காட்டினாள். மீதி இருபதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று நர்ஸ் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். நில அலுவலகம், உன் வீடு ஏழு கிராமங்களில் இருக்கிறது, ஒன்றில் நிறுத்து என்று எழுதியது. ஸலோங்கோ ஏரியில் மீன் பிடிக்கப் போனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வீடு திரும்புவான். பதினொரு தடவையா, நான் எங்கே போயிருந்தேன் என்று ஒரே ஒரு முறை கேட்டான். பிறகு அவனும் கடிதங்களை அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டான். அதுவரைக்கும் அது சிரிப்புக் கதையாகத்தான் இருந்தது.

நகாத்தோவுக்குப் பிறவியிலேயே இரத்த நோய். வலி வந்தால் எலும்புக்குள்ளிருந்து வரும்; பிள்ளை கத்தக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடப்பாள். மாதா மாதம் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரைதான் அதை அண்ட விடாமல் வைத்திருந்தது. ஒரு நாளைக்கு ஒன்று, மாதத்துக்கு ஒரு புட்டி. பபிரியேவுக்கு அந்த நோய் இல்லை. கடவுள் கணக்கு அப்படி.

பிப்ரவரியில் நலோங்கோ மருந்து ஜன்னலில் விரல் வைத்தபோது, மருந்தாளர் கிசிட்டு திரையைப் பார்த்து, இந்த மாதப் புட்டி கொடுத்தாகிவிட்டது என்றார். யாருக்கு என்றாள். உனக்குத்தான் என்றார். நகாத்தோ, தாய் நலோங்கோ, வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வாங்கியிருக்கிறாள், ஊர்ப் பெயர் காட்ட மாட்டேன் என்கிறது என்றார். புட்டிகள் அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் வரிசையாக இருந்தன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது பழைய காலம். இங்கே பூசாரி கொடுக்கத் தயார்தான், கணினி பூட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதக் கடைசியில் நகாத்தோ நான்கு நாள் சுருண்டு கிடந்தாள்.

தகவல் சங்கமக் கட்டிடத்தில் பகருகாயோ என்று ஓர் அதிகாரி இருந்தார். மேற்கு மலைப்பக்கத்துக்காரர், லுவான்யிக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம். நல்ல மனிதர், சட்டையும் பேச்சும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். அவர் மேசையில் ஒரு மரப் பலகை. ஒரு பக்கம் 'தகவல் பகிர்வு அலுவலர்', மறுபக்கம் 'தகவல் காப்பு அலுவலர்'. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பகிர்வார். சாப்பிட்டுக் கை துடைத்துவிட்டுப் பலகையைத் திருப்பி வைப்பார். அதிலிருந்து ஐந்து மணி வரைக்கும் காப்பார்.

நலோங்கோ போனது சாப்பாட்டுக்குப் பிறகு. முழங்காலிட்டு வணக்கம் சொல்லிவிட்டு, தன் பிள்ளையின் மாத்திரையை வாங்கியது யார் என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

"அது அடுத்தவங்க தகவல்மா. சொல்லக் கூடாது."

"என் பேருல தானேங்க வாங்கியிருக்காங்க?"

"உங்க பேருல வாங்கினவங்க தகவலை உங்ககிட்ட சொன்னா, அவங்க தகவல் வெளிய போயிடும். அதே மாதிரி உங்க தகவலை நான் அவங்ககிட்ட சொல்லமாட்டேன். அதுதான் இந்தச் சட்டத்தோட அழகு. நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

மறுநாள் காலையில் போனாள். பலகை பகிர்வுப் பக்கம் இருந்தது. பகருகாயோ முகம் மலர்ந்து, பகிர்வதுதான் தன் வேலை, தினம் நாற்பதாயிரம் பதிவுகளைப் பகிர்கிறேன் என்றார். ஆனால் அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையில்தான். நீங்கள் அலுவலகமா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் அவளுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்.

வழி இல்லாமல் இல்லை, ஒரு விண்ணப்பம் உண்டு என்றார். ஒரே பதிவில் இருக்கும் பதினொரு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பதிவைப் பிரித்துவிடலாம். மற்ற பத்துப் பேர் யார் என்று கேட்டாள். அதைத்தான் அம்மா சொல்லக் கூடாது என்றார். விண்ணப்பத்தை மட்டும் நல்ல தடித்த தாளில் கொடுத்தார்.

சந்தை நாளில் நலோங்கோ வாழைத்தார் இறக்கும் இடத்தில் நின்றுகொண்டு, "நலோங்கோ!" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஐந்து பெண்கள் திரும்பினார்கள். மூன்று பேருக்கு ஆண் இரட்டை. மற்ற இருவரின் நகாத்தோக்களும் குத்துக்கல் போல இருந்தார்கள். மாலையில் ஒரு காவலர் வந்து, பொது இடத்தில் கூவிப் பிறர் பிள்ளைகளின் நோய்நொடி விசாரிப்பது அனுமதியில்லாத் தகவல் சேகரிப்பு, முதல் தடவை என்பதால் எச்சரிக்கை என்று சொல்லிவிட்டு, இரண்டு கிழங்கு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் கிசிட்டுதான் ரகசியம் போலச் சொன்னார். ஒன்றாம் தேதி விடிந்ததும் கணக்குப் புதிதாகத் திறக்கிறது, முதலில் விரல் வைப்பவளுக்குத்தான் புட்டி, முந்திக்கொள். மார்ச் ஒன்றாம் தேதி அவள் இருட்டோடு போய் ஜன்னல் அடியில் உட்கார்ந்தாள். கிடைத்தது. ஏப்ரலிலும் கிடைத்தது. புட்டியைத் துணியில் முடிந்துகொண்டு வரும் வழியில், எங்கோ வேறு ஜன்னலில் ஒருத்தி விரலை வைத்து வைத்து எடுப்பது மார்ச்சில் அவள் கண்ணில் நின்றது. ஏப்ரலில் அப்படி எதுவும் நிற்கவில்லை. பழகிவிட்டது. மனசு ஒரு பக்கமாக மரத்துப் போனால் நடப்பதற்கு வசதியாகத்தான் இருக்கிறது.

மே ஒன்றாம் தேதி அவள் விரல் வைத்தபோது கொடுத்தாகிவிட்டது என்று வந்தது. அந்தப் பக்கத்தவளுக்கும் யாரோ ஒரு கிசிட்டு சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் சேர்த்து வைத்த நாலைந்து மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்துப் பார்த்தாள். இருபதாம் தேதி, இடுப்பில் நகாத்தோவைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலில் கேட்டபோது கிசிட்டு திரையைப் படித்துவிட்டு நிமிரவில்லை. பதிவை மூடிவிட்டார்கள், ஜூனிலும் வராது, ஜூலையிலும் வராது, நீ மேலே போய்க் கேள் என்றார்.

பகருகாயோ அவளைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மத்தியானம்தான், பலகை காப்புப் பக்கம்தான் இருந்தது. ஆனால் அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"நல்ல செய்திம்மா. உங்க கோப்பை இப்ப முழுசாக் காட்டலாம். நாட்டை விட்டுப் போனவங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. காப்புக் கிடையாது. என்ன வேணும்னாலும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம்."

யார் போனது என்று கேட்டாள்.

"உங்க பொண்ணு நகாத்தோதான். விமானத்துல போயிருக்கா. ஆறு வயசுலயே. என் பையனுக்குப் பதினாறு, அவன் இன்னும் விமான நிலையத்தை வெளியிலேருந்துகூடப் பார்த்ததில்லை. என்ன, கடவுச்சீட்டு இல்லாம போயிருக்கா. அதைக் கடவுச்சீட்டு ஆபீஸ்ல தனியா விசாரிக்கிறாங்க. நீங்க கவலைப்படாதீங்க."

கோப்பைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். நலோங்கோவுக்குப் படிக்கத் தெரியும். கடைசி வரி இப்படி இருந்தது: மே 9. கியாசேகா ஆஸ்பத்திரி. தாய் நேரில் வந்து சொன்னது, நகாத்தோ பறந்துவிட்டாள். அதன் கீழே கம்பாலா இயந்திரம் சேர்த்த குறிப்பு: வான்வழிப் பயணம்.

அந்த மண்ணில் இரட்டையர் சாவதில்லை. மற்றவர்கள் சாவார்கள். இரட்டையர் பறந்து போவார்கள். அதற்கு வேறு சொல் கிடையாது. இருந்தாலும் ஒரு தாய் அதை லேசில் வாயில் எடுக்க மாட்டாள். கியாசேகா எழுத்தர் மரியாதை தெரிந்தவர், அவள் சொன்ன சொல்லையே எழுதியிருந்தார்.

நலோங்கோ மேலே உள்ள வரிகளையும் படித்தாள். பிப்ரவரி, கியாசேகா, கொடுக்கப்பட்டது. மார்ச், கியாசேகா, இல்லை. ஏப்ரல், கியாசேகா, இல்லை. மே ஒன்று, கியாசேகா, கொடுக்கப்பட்டது. மார்ச்சையும் ஏப்ரலையும் இரண்டாம் முறை படித்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

பகருகாயோ அவள் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்.

"இது பபிரியேவா?"

"நகாத்தோங்க."

அவர் கோப்பைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடி கோப்பைப் பார்த்தார்.

"அப்ப திரும்பி வந்துட்டாளா? அதைப் பதிவு பண்ணணுமே. போயிட்டான்னு சொன்னவங்களே நேர்ல வந்து, வந்துட்டான்னு சொல்லணும். வேற யார் சொன்னாலும் செல்லாது. சொன்னாப் பதிவு திறந்துடும், மாத்திரை வந்துடும். சின்ன விஷயம்."

பறந்தது என்றால் என்ன என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். எழுதிக்கொண்டால் அது எல்லா அலுவலகத்துக்கும் போகும், அந்தப் பதிவில் இருக்கும் நகாத்தோக்கள் எல்லோரும் ஒரே நாளில் பறந்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு, வணக்கம் சொல்லி எழுந்தாள். பிள்ளை திரும்பி வந்ததற்கு வாழ்த்துகள் என்றார் பகருகாயோ.

கோப்பில் முகவரி இருந்தது. கியாசேகா, மாவு மில்லுக்குப் பின்னால். மறுநாள் பபிரியேவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நகாத்தோவை மடியில் வைத்துக்கொண்டு, பதினெட்டுப் பேரை அடைத்த வேனில் இரண்டு மணி நேரம் போனாள். மில்லுக்குப் பின்னால் ஒரு முற்றத்தில் காப்பிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஒருத்தி கட்டையால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நலோங்கோ" என்று கூப்பிட்டாள் வந்தவள்.

"வாங்க, நலோங்கோ" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

இருவரும் எதிரெதிரே முழங்காலிட்டு வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். கதவோரம் ஒரு பபிரியே தனியாக நின்று, வந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரி ஊர் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. வந்தவளுக்குத்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மார்ச்சும் ஏப்ரலும் நான்தான் வாங்கினேன்."

மற்றவள் கொட்டையை ஒரு சுற்றுக் கிளறினாள்.

"பிப்ரவரியும் மேயும் நான்" என்றாள். "மே மாசம் எட்டு நாள் கொடுத்தேன். அதுக்குள்ள காய்ச்சல் முந்திக்கிடுச்சு."

மாத்திரை இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று இருவருக்கும் தெரியாது. டாக்டரும் சொல்லவில்லை. கோப்பில் அதற்குக் கட்டம் இல்லை. நலோங்கோ தரையைப் பார்த்துக்கொண்டே, அதிகாரி சொன்னதைச் சொன்னாள். போனதாகச் சொன்னவளே வந்து திரும்பி வந்துவிட்டதாகச் சொல்ல வேண்டுமாம் என்றாள். இதைக் கேட்க நான் வரவில்லை என்றும் சொன்னாள். அதற்குத்தான் வந்திருந்தாள்.

மற்றவள் கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது நல்ல உடை உடுத்தி, தலைத்துணி கட்டியிருந்தாள். கையில் அந்த மே மாதப் புட்டி இருந்தது.

"வாங்க போயிட்டு வந்துடுவோம். நேரமானா சாப்பிடப் போயிடுவாங்க."

கியாசேகா ஆஸ்பத்திரி ஜன்னலில் இரண்டு பேரும் முழங்காலிட்டார்கள். எழுத்தருக்கு மேசைக்கு மேல் இரண்டு தலைத்துணி முடிச்சுகள் தெரிந்தன. யார் நலோங்கோ என்று கேட்டார். இருவரும் நான் என்றார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரையிலும் ஒருத்திதான் இருந்தாள். ஆதாரம் கேட்டார். மற்றவள் புட்டியை மேலே வைத்தாள். எழுத்தர் ஒட்டியிருந்த தாளையும் திரையையும் விரல் வைத்து ஒப்பிட்டார். நகாத்தோ, சரி. தாய் நலோங்கோ, சரி. இருபத்திரண்டு மாத்திரை மிச்சம், அதுவும் சரி.

ஒன்பதாம் தேதி இந்த எழுத்தரிடம்தான் அவள் வந்து சொல்லியிருந்தாள். அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும். அவர் எழுந்து நின்று, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் லுவான்யிக்காரியின் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார். கேள்வியைக் கேட்காமல் திரை அடுத்த பக்கத்துக்குப் போகாது.

"நகாத்தோ திரும்பி வந்துட்டாளா?"

மற்றவள் பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை. நேரே சுவரைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு நாட்காட்டி தொங்கியது.

"வந்துட்டா" என்றாள்.

எழுத்தர் பொத்தானை அமுக்கினார். பதிவு திறந்துவிட்டது என்றார். புட்டியை எடுத்து, "இந்தாங்க நலோங்கோ" என்று ஜன்னல் வழியே நீட்டினார்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். மற்றவள் கையைத் தூக்கவில்லை.